வீட்டுச் செலவு நோட்டிலிருந்து எழுதுங்கள்: சமூகப் பொருளாதாரக் கட்டுரை பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொருளியல், சமூகவியல், வணிகவியல் என்று எதைப் படித்தாலும் ஏதாவது ஒரு பருவத்தில் இந்த வேலை வந்து சேரும்: ‘அன்றாட வாழ்வைப் பாதிக்கும் சமூக, பொருளாதாரப் பிரச்சினை ஒன்றைப் பற்றி எழுதுக.’ வகுப்பில் இதைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வருவதற்குள் வராந்தாவில் கேள்விகள் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே கேள்விகள்தாம். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் என் தொண்டைத் தண்ணீராவது மிஞ்சும் என்றுதான் இந்தத் தொகுப்பு.

‘விலைவாசி உயர்வு’ என்று தலைப்பு வைக்கலாமா?

வைக்கலாம். முதல் பக்கம் முடிவதற்குள் மூழ்கிவிடுவீர்கள். விலைவாசி, வேலையின்மை, வறுமை, வரதட்சணை எல்லாம் கடல்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு குழாயடி. ஒரு ரசீது, ஒரு ஆள், ஒரு கட்டணக் கவுண்டர் என்று கைக்கு எட்டும் அளவில் இருக்க வேண்டும். ‘எங்கள் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள்?’ என்பது தலைப்பு. ‘ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் இப்போது எத்தனை கிராம்?’ என்பதும் தலைப்புதான். விலை ஏறாமலேயே விலை ஏறும் வித்தையை அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எடை சொல்லிவிடும். சந்தேகமாக இருந்தால், உங்கள் தலைப்பை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கு அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் நல்ல தலைப்பு. ‘நல்லாப் படிப்பா’ என்று மட்டும் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதையெல்லாம் ஆய்வாகுமா, சார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். ஆய்வு என்றால் எங்கோ டெல்லியில் நடப்பது என்று நினைக்கிறார்கள். உண்மையில் இந்த நாட்டில் கிராமப் பொருளாதார ஆய்வுக்குத் தொடக்கத்திலேயே அடித்தளம் போட்டவர்களில் உங்கள் வயது மாணவர்களும் உண்டு, அதுவும் சென்னையில்.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இங்கே பொருளியல் சொல்லித்தர முடியாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, யார் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பவை போன்ற கேள்விகள்தாம். அந்தக் கட்டுரைகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, வட ஆற்காட்டின் தூசி, திருநெல்வேலியின் கங்கைகொண்டான் ஆகியவை அதில் இடம்பெற்ற ஊர்களில் சில. 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பி ஆய்வு செய்து 1940-இல் வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது.

கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் எழுதிக்கொண்டு வந்த கூலிக் கணக்கு இல்லாவிட்டால், நூறாண்டில் என்ன மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு எதுவும் இருந்திருக்காது. அந்த மாணவர்களுக்கும் தங்கள் ஊர் சாதாரண ஊராகத்தான் தெரிந்திருக்கும்.

எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு மாதம், தினமும் இரவில், அன்றைய வரவு செலவு. பால், பஸ், ரீசார்ஜ், அப்பாவின் டீ, தம்பியின் ஜெராக்ஸ் எதையும் விடாமல் எழுதுங்கள். ‘சில்லறைச் செலவு’ என்று ஒரு வரி எழுதி மூடிவிடாதீர்கள். பிரச்சினை பெரும்பாலும் அந்த வரிக்குள்தான் ஒளிந்திருக்கும்.

மாத முடிவில் உங்கள் கணக்கை அரசின் கணக்கோடு பக்கத்தில் வையுங்கள். 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய கிராமங்களில் ஒருவருக்குச் சராசரி மாதச் செலவு 4,122 ரூபாய், நகரங்களில் 6,996 ரூபாய். அதில் உணவுக்குப் போவது கிராமத்தில் ஏறக்குறைய 47 சதவீதம், நகரத்தில் 40 சதவீதம். உங்கள் வீட்டில் எவ்வளவு? கூடுதலா, குறைவா, ஏன்? இந்த ‘ஏன்’ கிடைத்துவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். விலைவாசி உயர்வு இத்தனை சதவீதம் என்று செய்தியில் வருவது ஒரு குறிப்பிட்ட கூடைப் பொருட்களின் விலையை வைத்துக் கணக்கிடுவது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு பல ஆண்டுகள் வெளிவந்த குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86 சதவீதம். அந்தக் கூடையை நிர்ணயித்தது 2011-12-ஆம் ஆண்டின் செலவுப் பழக்கம். அன்றைக்கு உங்கள் வீட்டில் இணையக் கட்டணத்துக்கு எவ்வளவு செலவானது என்று யோசித்துப் பாருங்கள். செய்தியில் வரும் சதவீதத்துக்கும் அம்மாவின் முகத்துக்கும் ஏன் பொருந்தவில்லை என்பது ஓரளவு விளங்கும்.

மொய்ப் பணத்தை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

அருமையான கேள்வி. இதைக் கேட்கும் மாணவரைப் பார்த்தால் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும், ஏனென்றால் அவர் உண்மையிலேயே நோட்டுப் போட ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

இரண்டும் இல்லை. கடன் கொடுத்ததாகவும் கடன் வாங்கியதாகவும் எழுதுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்கென்றே அழைப்பிதழ் அச்சடித்து, பந்தல் போட்டு, கறிவிருந்து வைப்பார்கள். மேசை போட்டு உட்கார்ந்து நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதுவார்கள். நாளைக்கு மொய் போட்டவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைத் திருப்பிச் செய்து, முடிந்தால் கூடவும் போட வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஊரின் நாக்குதான் ஜாமீன். அதில் வந்த பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்களும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் நிலத்தை விற்றவர்களும் உண்டு. உங்கள் வீட்டு மொய் நோட்டைப் பத்து ஆண்டுகளுக்குப் புரட்டினால், யாருடைய கை ஓங்கியது, யாருடையது தாழ்ந்தது என்பது ஊர்க்காரர் கண்ணுக்குத் தெரியும். வங்கிக் கணக்கு அறிக்கையில் இந்தப் பக்கமே கிடையாது.

தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு, ஏலச்சீட்டு ஆகியவற்றையும் இதே மாதிரி தனிப் பக்கத்தில் எழுதுங்கள். கட்டியது எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு, வரவேயில்லையா?

கடனைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

‘உங்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறது?’ என்று கேட்டால் திறக்க மாட்டார்கள்தான். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் நீங்கள் சொல்வீர்களா? ‘கடைக்குச் சரக்கு எடுக்கப் பணம் எங்கே புரட்டுகிறீர்கள், அக்கா?’ என்று கேளுங்கள். தொழில் பேச்சாகத் தொடங்கினால் அவர்களே கணக்குச் சொல்வார்கள்.

ஒரு மாணவி பஸ் நிலையத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் பேசப் போனாள். கேள்வித்தாளில் பதினெட்டுக் கேள்விகள். மூன்றாவது கேள்வியின்போது டிவிஎஸ் மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். பூக்காரம்மா பேச்சை நிறுத்தாமலேயே சுருக்குப்பையிலிருந்து நூறு ரூபாயும் மடித்த மஞ்சள் அட்டையும் எடுத்துக் கொடுத்தார். அட்டையில் வரிசைக்குப் பத்தாக நூறு கட்டங்கள். வந்தவர் ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். அந்த மாணவி மீதிக் கேள்விகளை விட்டுவிட்டு அட்டையைப் பற்றி மட்டுமே எழுதினாள். அந்த ஆண்டின் நல்ல கட்டுரை அதுதான்.

தண்டல் அட்டை அது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார்கள். கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

ஆயிரம் ரூபாய்தானே பிடிக்கிறார்கள்? பத்து சதவீத வட்டி என்று எழுதினால் சரியா?

சரியில்லை. இந்த இடத்தில் கணக்குத் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஆயிரம் ஓராண்டுக்கான வட்டி அல்ல, நூறு நாளுக்கானது. இரண்டாவது, பத்தாயிரம் அவர் கைக்கு வரவே இல்லை, வந்தது 9,000. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: அந்த 9,000-மும் நூறு நாள் முழுக்க அவரிடம் இருக்கவில்லை. மறுநாளே திருப்ப ஆரம்பித்துவிட்டார். ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் நூறு நாளும் அவர் கையில் இருந்தது ஏறக்குறைய 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளுக்கு 1,000 ரூபாய் வட்டி என்றால் 22 சதவீதம். அதை 365 நாளுக்கு நீட்டினால் 80 சதவீதத்தைத் தாண்டும். கணினியில் நாள்வாரியாகத் துல்லியமாகப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 78 சதவீதம் வரும்.

ஊரில் ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’, ‘பத்து வட்டி’ என்று சொல்வது நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு இத்தனை ரூபாய் என்பதை. இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். கட்டுரையில் இதை மாற்றிக் காட்டுங்கள்; வங்கியின் ஆண்டு வட்டியோடு அப்போதுதான் ஒப்பிட முடியும்.

இப்போது அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். 78 சதவீதம் என்று தெரிந்தும் பூக்காரம்மா ஏன் வாங்குகிறார்? ‘விழிப்புணர்வு இல்லாததால்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவருக்கு நம்மைவிட நன்றாகக் கணக்குத் தெரியும். விடிவதற்கு முன் மொத்தச் சந்தையில் பூ எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த வங்கியும் திறந்திருப்பதில்லை. தண்டல்காரர் ஆதாரம் கேட்பதில்லை, கடை இருக்கும் இடத்துக்கே வருகிறார், முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் கூடுதலாகவும் தருகிறார். அவர் விற்பது பணத்தை மட்டுமல்ல, நேரத்தையும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேருங்கள். அநியாய வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருவில் புழங்கும் பெயர்களே அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. இன்னொரு பக்கம், சாலையோர வியாபாரிகளுக்காக 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தில் 2025 வரை முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். தொடங்கியபோது அதே பத்தாயிரம்தான். அப்படியானால் பூக்காரம்மாவுக்கு நகராட்சியின் வியாபாரி அடையாள அட்டை இருக்கிறதா? விண்ணப்பித்தாரா? எங்கே நின்றது? இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்கி எழுதினால் உங்கள் கட்டுரை பல கருத்தரங்க உரைகளைவிட மேல்.

வாரக் கடன் வாங்கிய பெண்களிடம் என்ன கேட்க வேண்டும்?

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். மகளிர் சுய உதவிக் குழு வேறு. நிறுவனம் ஆள் சேர்த்து வாரத் தவணைக்குக் கொடுக்கும் குழுக் கடன் வேறு. தமிழ்நாட்டில் முதலாவது 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. அதில் பெண்கள் தங்கள் சேமிப்பைச் சேர்த்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கிக்குப் போனார்கள். இரண்டாவதில் சேமிப்பு என்ற பேச்சே இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களுக்குத் தரும் குறுங்கடனில், எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வைத்தது. உங்கள் வேலை எளிது. வீட்டின் மாத வருமானம் எவ்வளவு, தவணை மொத்தம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். கடன் கொடுத்தவர் வருமானத்தை எப்படி எழுதிக்கொண்டார் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில்தான் சுவாரசியம்.

அரசுத் திட்டம் பற்றி எழுதினால் ஒன்று புகழ்ச்சியாகிவிடுகிறது, இல்லாவிட்டால் வசையாகிவிடுகிறது. எப்படித் தப்பிப்பது?

விதி எங்கே தொடங்கி, உங்கள் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது, வழியில் எங்கே கசிகிறது என்று மட்டும் பாருங்கள். கட்சிக்காரர்களுக்கு அந்த வழியில் அக்கறை இல்லை. உங்களுக்கு இருக்கலாம்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இது விதி. ஒரு வீட்டுக்காரர் மாடியிலும் பின்கட்டிலும் நான்கு குடித்தனம் வைத்திருக்கிறார். குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டோ பத்தோ ரூபாய் என்று ஒரே விலையில் வசூலிக்கிறார். மாதம் 50 யூனிட்டுக்குள் எரிக்கும் குடித்தனக்காரருக்குத் தனி இணைப்பு இருந்தால் விதிப்படி மின்சாரம் இலவசம். அவரோ 400, 500 ரூபாய் கொடுக்கிறார். இலவசம் அரசிடமிருந்து கிளம்பியது உண்மை. வீட்டுக்காரரின் கேட்டைத் தாண்டவில்லை. வாடகை வீட்டில் இருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவரும் கட்டுரையில் எழுத மாட்டார்கள். இது ‘பிரச்சினை’ என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் அப்படித்தான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நடைமுறையில் இருக்கிறது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு, ஒரு பெண் மாதத்துக்குச் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் பிடிப்பதாகச் சொன்னது. உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? ஊருக்குத் தனியார் மினி பஸ் மட்டுமே வருகிறது என்றால் ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சிய பணம் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். பூவுக்குப் போனதா, தவணைக்குப் போனதா, பையனின் ரீசார்ஜுக்குப் போனதா? வேலைக்கு இன்னும் தூரமான இடத்துக்குப் போக முடிந்ததா என்பதுதான் பொருளியல் மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. நூல் மில்லுக்கு வேன் வரும் ஊரும், ஜவுளிக்கடை வேலைக்கு நகரத்துக்குப் பஸ் ஏறும் ஊரும் இதற்கு வேறு வேறு பதில் சொல்லும்.

‘இலவசத்தால் மக்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்று எழுதலாமா?

அந்தச் சோம்பேறியை நேரில் பார்த்துப் பேசியிருந்தால் எழுதுங்கள்.

ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். அதை வைத்து வாடகை கட்ட முடியாது, பீஸ் கட்ட முடியாது, பெட்ரோல் போட முடியாது. ‘களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் விவசாயியிடம் என்ன கூலி தருகிறார் என்று கேளுங்கள். பிறகு அதே ஊரில் காலை வேனுக்குக் காத்திருக்கும் பெண்ணிடம், கம்பெனியில் என்ன சம்பளம் என்று கேளுங்கள். விவசாயி பக்கமும் நியாயம் உண்டு. விளைபொருள் விலையை அவர் நிர்ணயிப்பதில்லை. இரண்டு எண்ணையும் எழுதிவிட்டு, அதற்கு மேல் ‘சோம்பேறி’ என்ற சொல் தேவைப்படுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இருக்கும் அம்மாவின் தொழிலை என்னவென்று எழுதுவது?

‘சும்மா இருக்கிறார்’ என்று எழுதாதீர்கள். போன முறை ஒருவர் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். அம்மாவே இல்லையோ என்று பதறிவிட்டேன்.

2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம். செய்யும் ஆண்களுக்கு அது 88 நிமிடம். ‘செய்யும்’ ஆண்களுக்கு மட்டும் என்பதைக் கவனிக்கவும். உங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யார் எப்போது எழுந்து என்ன செய்தார்கள் என்று அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குறித்துப் பாருங்கள். தண்ணீர் வரும் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். இரவு இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் விட்டால் எழுந்திருப்பது யார்?

சாதி பற்றி எழுதலாமா? வம்பு வரும் என்கிறார்கள்.

எழுதாவிட்டால் பாதி ஊரை விட்டுவிட்டதாகும். ஆனால் ‘நீங்கள் என்ன ஆள்?’ என்று கேட்டு எழுத வேண்டியதில்லை. கண்ணால் பார்ப்பதை எழுதுங்கள். ரேஷன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது, காலனியில் இருப்பவர் எவ்வளவு தூரம் நடக்கிறார்? பஸ் எங்கே திரும்புகிறது? வீடு வாடகைக்குக் கேட்கும்போது வாடகையைச் சொல்வதற்கு முன் கேட்கப்படும் கேள்வி என்ன? தூய்மைப் பணியின் ஒப்பந்த ஆட்கள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள்? இவற்றை வரைபடமாக வரைந்து தூரத்தை அடிக்கணக்கில் எழுதினால் யாரும் வம்புக்கு வர இடமில்லை. மிரட்டல் வருமென்று தோன்றினால், ஊர்ப் பெயரை மாற்றி எழுத உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் பாதுகாப்பு மதிப்பெண்ணைவிட முக்கியம்.

எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

இருபது பேரிடம் ஒருமுறை பேசுவதைவிட ஐந்து பேரிடம் மூன்று முறை பேசுங்கள். முதல் முறை சொல்வது உங்களுக்காக. மூன்றாம் முறைதான் உள்ளது வரும்.

எண்கள், தகவல்கள் எங்கே கிடைக்கும்?

ரேஷன் கடைப் பலகை, பஞ்சாயத்து அலுவலகச் சுவர், உழவர் சந்தையின் தினசரி விலைப் பட்டியல் ஆகியவை உங்கள் கண் முன்னால் இலவசமாகத் தொங்குகின்றன. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த நாளிலிருந்து விலைப் பலகை அதன் உயிர்நாடி. அதில் உள்ள தக்காளி விலையையும் உங்கள் தெருக் கடையில் உள்ள விலையையும் ஒரு மாதம் குறித்துக்கொண்டு வந்தாலே ஒரு கட்டுரை தேறும். அலுவலகத்தில் தர மறுக்கும் தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். எனவே பருவத்தின் தொடக்கத்திலேயே மனுப் போடுங்கள்; சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தைய வாரம் அல்ல.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கலாமா?

சதவீதத்தைச் சரிபார்க்க, எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பூக்காரம்மாவின் அட்டையில் எத்தனை கட்டம் கிறுக்கியிருந்தது என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதும். அதுதான் தொல்லை.

பெயர், புகைப்படம் போடலாமா?

பெயர் வேண்டாம். கடன் அட்டை, குடும்ப அட்டை, ஆதார் எதையும் படம் எடுக்காதீர்கள். ‘காலேஜ் பிள்ளை கேட்கிறதே’ என்று நம்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் படம் உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் யார் பொறுப்பு? பேசத் தொடங்கும்முன், எதற்காகக் கேட்கிறீர்கள், யார் படிப்பார்கள், இதனால் அவருக்கு உதவித்தொகை எதுவும் வராது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கையில் பேனாவோடு வருபவரை அரசாங்க ஆள் என்று எண்ணி மனு எழுதித் தரும் பாட்டிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.

முடிவுரையில் தீர்வு எழுத வேண்டுமா?

‘அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வாக்கியத்துக்கு என் வகுப்பில் தடை. அரசு என்றால் யார்? மின் மீட்டர் பிரச்சினை என்றால் உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளர். ரேஷன் என்றால் வட்ட வழங்கல் அலுவலர். வியாபாரி அட்டை என்றால் நகராட்சி ஆணையர். அந்த நாற்காலியின் பெயரை எழுதி, அவர் விதிப்படி என்ன செய்ய முடியும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். தீர்வு தெரியவில்லை என்றால் எழுதாமல் விடுங்கள். அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

எழுதி முடித்ததும் அதை யாரிடம் காட்டுவது?

முதலில், பேசியவர்களிடம். உட்கார வைத்து, அவர்களைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். ‘இதை எடுத்துவிடு’ என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். ‘இதை விட்டுவிட்டாயே’ என்றும் சொல்வார்கள், அதைச் சேருங்கள். பிறகு கல்லூரியில் கொடுக்கலாம்.

கிராமமாக இருந்தால் கிராம சபையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். ரேஷன் கடைத் தூரமோ, மினி பஸ் கட்டணமோ, நீங்கள் குறித்து வைத்த எண்களோடு எழுந்து கேளுங்கள். பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லி, பதிந்தார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முன்கூட்டியே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு.